மேற்கு டெக்சாஸில் மதுபோதை ஓட்டுநர் வழக்கு: ஒப்புக்கொள்வதா, எதிர்ப்பதா?

கேள்வி:
சென்ற வெள்ளி இரவு, சிறிய கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் என்னை நிறுத்திய காவலர், சரளைக்கல் பரவிய சாலையோரத்திலேயே நேர்கோட்டில் ஒன்பது அடி எடுத்து வைத்து நடக்கச் சொன்னார். பின்னர் நிலையத்தில் ஊதியபோது கருவி ஆல்கஹால் அளவு 0.09 என்று காட்டியது. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு தற்காலிகத் தாள் ஒன்றைத் தந்தார்கள். எச்1பி விசாவில் இருக்கிறேன். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களுக்குள் உரிம இடைநிறுத்தத்தை எதிர்த்து விசாரணை கோராவிட்டால், 40ஆம் நாளில் அது தானாகவே அமலுக்கு வந்துவிடும். அந்த விசாரணைக்குக் காவலரை வரவழைத்து உங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யலாம்; உரிமத்தைவிட அதுதான் பெரிய லாபம் என்பேன்.

பதில் 2:
நடைச் சோதனைக்கு உலர்ந்த, கெட்டியான, சமதளத் தரை வேண்டும் என்று காவலர்களுக்கே பயிற்சி தருகிறார்கள். ஆகவே காவல் வாகனத்தின் காணொளியை முதலில் கேட்டு வாங்குங்கள். ஊதுவதற்கு முன் 15 நிமிடம் உங்களோடு ஒருவர் இருந்தாரா என்பதும், 0.08 என்ற சட்ட வரம்பை வண்டி ஓட்டியபோதே தாண்டியிருந்தீர்களா என்பதும் வாதிடத்தக்கவை. உள்ளூர் வழக்கறிஞரையே அமர்த்துங்கள்: அங்கே கவுண்டி நீதிபதி சட்டம் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

பதில் 3:
கைது ஒன்றுக்காகவே விசா முத்திரையை ரத்து செய்ய முடியும். குற்றத்தை ஒப்புக்கொண்டு பெறும் ஒத்திவைப்புத் தீர்ப்பையும் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமல் வழக்கை முடிக்கும் ஏற்பாடு) குடிவரவுச் சட்டம் தண்டனையாகவே கருதுகிறது. கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.