மறுமொழி: வெப்பப் பசையா, வெப்பக் களிம்பா?

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் தாங்களே கணினி பூட்டுவதற்கான 'முதல் மேசைக்கணினி' கையேட்டின் வரைவு சுற்றுக்கு வந்ததிலிருந்து எல்லாரும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறோம். தாய்ப்பலகை, மின்வழங்கி, வரைகலை அட்டை எல்லாம் முணுமுணுப்பே இல்லாமல் கடந்துபோய்விட்டன. கணினியின் மூளையான சிபியு சில்லுக்கும் அதன்மேல் உட்காரும் குளிர்விப்பானுக்கும் நடுவில் தடவுகிற, கடைகளில் 'தெர்மல் பேஸ்ட்' எனப்படும் அந்தச் சாம்பல் நிறக் குழைவுக்குத் தமிழில் பெயர் வைப்பதில்தான் இத்தனை மடல்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைவில் உள்ள 'வெப்பப் பசை' வேண்டாம். 'வெப்பக் களிம்பு' என்று மாற்றுங்கள். சிங்கப்பூர்ச் சமூக மன்றத்தில் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணினி பூட்டக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே பெயர் தவறினால் பிள்ளையின் கையும் தவறும்.

> 'பேஸ்ட்' என்றால் பசை. பற்பசை என்று எல்லாரும் சொல்லவில்லையா? யாராவது அதை வைத்துப் பல்லை ஒட்டினார்களா?

நல்ல கேள்வி ஐயா, சிரித்துவிட்டேன். ஆனால் பற்பசை என்ன செய்யும் என்பது, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே குழந்தைக்குத் தெரியும். பெயர் அங்கே வெறும் அடையாளம். நம் கையேட்டைப் புரட்டும் உயர்நிலை 3 மாணவனோ இந்தப் பொருளை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறான். அது எதற்கு என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே தடயம் நாம் வைக்கும் பெயர்தான். 'பசை' என்று படித்ததும் அவன் கேட்பது என்ன தெரியுமா? "காய எவ்வளவு நேரம் ஆகும்?" வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் போவது அபூர்வம். அடுத்தது, "பசைதான் பிடித்துக்கொள்ளுமே, திருகை ஏன் இவ்வளவு முறுக்க வேண்டும்?"

குளிர்விப்பானைப் பிடித்துவைப்பது திருகும் கொக்கியும் மட்டுமே. அவை தரும் அழுத்தம் குறைந்தால் குழைவை எவ்வளவு தடவினாலும் பயனில்லை. திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

சரி, அந்தக் குழைவு அப்படி என்னதான் செய்கிறது? சிபியுவின் மேல்மூடியும் குளிர்விப்பானின் அடித்தட்டும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் அளவுதான். செம்புக்கு அது ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 237 பக்கம். குழைவுக் குழாய்களின்மேல் பெரும்பாலும் 4 முதல் 12 வரை ஏதோ ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அதாவது காற்றோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல், செம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே அதன் வேலை பள்ளத்தை நிரப்புவது மட்டும். உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் அது இல்லாமல் இருப்பதே நல்லது. பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், அழுத்தமே பரப்பிக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் 'களிம்பு' உதவுகிறது. களிம்பு என்றால் யாரும் அள்ளி அப்புவதில்லை, மெல்லியதாகத் தடவுவார்கள். அது காய்ந்து ஒட்டும் என்று எதிர்பார்ப்பதுமில்லை, துடைத்தெடுக்கலாம் என்பதும் தெரியும். நாம் பத்தி பத்தியாக விளக்கவேண்டியதில் பாதியைச் சொல்லே செய்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரும் எழுதவில்லை. உண்மையிலேயே ஒட்டுகிற வெப்பப் பசை என்று தனியாக ஒரு பொருள் விற்பனையில் உண்டு. திருகுத் துளை இல்லாத சிறு சில்லுகளின்மேல் குட்டி வெப்பநீக்கியை நிரந்தரமாக ஒட்ட அதைப் பயன்படுத்துவார்கள். காய்ந்து இறுகிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குழைவுக்கு நாம் 'பசை' என்று வைத்துவிட்டால் இதை என்னவென்று அழைப்போம்? அப்புறம் ஒரு பிள்ளை நம் கையேட்டைப் படித்துவிட்டு, இணையக் கடையில் ஒட்டும் வகையைத் தேடி வாங்கிச் சிபியுவில் தடவினால், அந்தச் சிபியுவும் குளிர்விப்பானும் ஆயுளுக்கும் பிரியாது. ஒரே இயலில் வரக்கூடிய இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைப்பது கலைச்சொல்லாக்கத்தில் செய்யவே கூடாத காரியம்.

> ஏஎம்4 பலகையில் குளிர்விப்பானைத் தூக்கினால் சிபியுவும் சேர்ந்து வந்துவிடுகிறதே. ஒட்டாத பொருள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இது வலுவான வாதம்தான் தம்பி. ஏஎம்4 என்பது ஏஎம்டி நிறுவனத்தின் சிபியுக்களைப் பூட்டும் பழைய குழி வகை. நாள்பட்ட குழைவு இறுகிக் கெட்டியாகிவிடும். ஏஎம்4 சிபியுவில் ஊசிகள் சிபியுவின் அடியில்தான் இருக்கின்றன. அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் இல்லாததால், வெடுக்கென்று இழுத்தால் சிபியு குழியைவிட்டு உருவிக்கொண்டு வரும், ஊசி வளையும். 2022இல் வந்த ஏஎம்5இலும் இன்டெல் பலகைகளிலும் ஊசிகள் தாய்ப்பலகைப் பக்கம். மேலே சட்டம் பூட்டியிருப்பதால் இந்த ஆபத்து இல்லை. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரிலும் இரண்டாங்கைச் சந்தையிலும் ஏஎம்4 இன்னும் நிறையப் புழங்குவதால் எச்சரிக்கை கையேட்டில் கட்டாயம் வேண்டும்: கழற்றுவதற்கு முன் கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள், குளிர்விப்பானை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி விடுவித்த பிறகே தூக்குங்கள். ஆனால் இது அந்தப் பொருள் பழசானதால் வரும் தொல்லை. நாம் வைக்கும் பெயர் அதன் பயனைச் சொல்லவேண்டும், தொல்லையைச் சொல்லவேண்டியதில்லை.

> களிம்பு என்பது செம்பில் ஏறும் பச்சைக் கறை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமையே அதுதான். செம்பு அடித்தட்டில் 'களிம்பு தடவு' என்று எழுதுவது முரணாக இல்லையா?

அம்மா, இந்த மடல் வந்தபோது எதிர்வாதம் உடனே தோன்றவில்லை. செம்போடு களிம்பு பிறவியிலேயே ஒட்டியது, உயிரோடு ஆணவம் என்னும் அழுக்கும் அதுபோல என்று படித்தவர்களுக்கு 'செம்பில் களிம்பு தடவவும்' என்ற வரி நெருடத்தான் செய்யும். ஆனாலும் இன்றைய பேச்சில் களிம்பு என்றால் மருந்துக்கடையில் வாங்கித் தடவும் களிம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. செம்பு ஏனத்துக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தெடுத்த தலைமுறை நாம். வீவக அடுக்குமாடி வீட்டில் எவர்சில்வர் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பொருளே தெரியாது. களி, களிமண் என்று குழைவைச் சொல்லும் சொற்களின் பக்கத்தில் ஒலிப்பதும் ஒரு வசதி. உங்கள் ஆட்சேபத்தை மதித்து ஒன்று செய்யலாம்: 'களிம்பு' என்று தனியாக எங்கும் எழுதாமல் 'வெப்பக் களிம்பு' என்றே முழுதாக எழுதுவோம்.

'வெப்பத் தைலம்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். தைலம் எண்ணெய்போல் ஓடுவது, இது ஓடாது. போதாக்குறைக்கு இந்த ஊரில் தைலம் என்றதும் கோடாலித் தைலம் மணக்க ஆரம்பித்துவிடும். 'கடத்துகளிம்பு' என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 'கடத்தி' என்றால் பள்ளிப் பாடத்தில் மின்கடத்திதான். பெட்டியில் வரும் சாதாரணக் குழைவுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தாதவை, அதுதான் பிள்ளைகளுக்கு நிம்மதி. ஏஎம்5 சிபியு மேல்மூடியின் ஓரங்களில் வெட்டுகள் இருக்கும், அவற்றில் கொஞ்சம் வழிந்துவிட்டால் அசிங்கமாக இருக்குமே தவிரக் கெடுதல் இல்லை. பெயரிலேயே 'கடத்து' என்று போட்டு அவர்களைப் பயமுறுத்துவானேன்?

மின்சாரத்தைக் கடத்துவது நீர்ம உலோகம். காலியம் என்ற உலோகம் கலந்தது. அலுமினியத்தைத் தின்றுவிடும், வழிந்தால் குறுக்குச்சுற்று. முதல் கணினிக்கு அது வேண்டவே வேண்டாம் என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஆக, நான் கேட்பது ஒற்றைச் சொல்லுக்கான மாற்றம் மட்டுமல்ல, ஒரு குடும்பமாக வைத்துவிடலாம் என்கிறேன். இரண்டு பரப்புகளுக்கு நடுவே வெப்பத்தைக் கடக்கவைக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'வெப்ப இடைப்பொருள்'. அதில் தடவுவது வெப்பக் களிம்பு. தாய்ப்பலகையில் நேரே செருகும் எம்.2 சேமிப்பகத்தின்மேல் வைக்கும் மெத்தென்ற பட்டை, வெப்பத் திண்டு. நிரந்தரமாக ஒட்டுவது வெப்ப ஒட்டுப்பசை. பிறகு நீர்ம உலோகம். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எங்கே என்ற குழப்பமே வராது.

> எதற்கு இந்தப் பாடு? 'தெர்மல் பேஸ்ட்' என்றே எழுதுவோம். கடையில் அப்படித்தானே கேட்க வேண்டும்?

கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. சிம் லிம்மில் போய் 'வெப்பக் களிம்பு' என்றால் கடைக்காரர் விழிப்பார். அதனால் முதல்முறை வரும் இடத்தில் 'கடைகளில் தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பக் களிம்பு' என்று போட்டுவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லையே தொடரலாம். 'இணையம்' என்ற சொல்லை நம் ஊர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி தந்தபோதும் கூடவே பல மாற்றுச் சொற்கள் புழங்கின. இது நின்றதற்குக் காரணம், சின்னதாக இருந்தது, 'இணை' என்ற வினை அதன் வேலையைச் சொன்னது. களிம்புக்கும் அந்த இரண்டும் உண்டு என்று நினைக்கிறேன்.

இதே இயலில் ஒரு பொருள் பிழையையும் திருத்த வேண்டும். 'வேலையின்போது வெப்பம் 80 பாகைக்கு மேல் போனால் வெப்பப் பசையை மாற்றவும்' என்று வரைவில் இருக்கிறது. இது எல்லாச் சிபியுவுக்கும் பொருந்தாது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் சிபியுக்களில் பல முழுச் சுமையில் 95 பாகை வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. மேலும், வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் எண்கள் 20 பாகை அறையில் எடுத்தவையாக இருக்கலாம். பிற்பகலில் குளிர்சாதனம் போடாத நம் அறை சாதாரணமாக 30ஐத் தாண்டும். அறை 10 பாகை கூடினால் சிபியுவும் ஏறத்தாழ அதே அளவு கூடும். எனவே பிள்ளைகள் சிபியு வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். களிம்பைப் பத்துமுறை துடைத்துத் துடைத்துத் தடவவேண்டியதில்லை.

உண்மையிலேயே கணினியை இயக்கிய உடனே வெப்பம் எகிறினால் நான் முதலில் பார்ப்பது களிம்பை அல்ல, அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை. 'பிரித்தெடுக்கவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் உற்சாகத்தில் அது கண்ணில் படாது. அடுத்தது, பெட்டியோடு வரும் குளிர்விப்பான்களில் பெரும்பாலும் ஆலையிலேயே களிம்பு தடவியிருப்பார்கள். அதன்மேல் இன்னொரு பட்டாணி வைப்பவர்கள் உண்டு. ஒன்று, இருப்பதை அப்படியே விட வேண்டும், அல்லது சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். துடைக்க மருந்துக்கடை ஆல்கஹால் துடைப்பான் போதும், ஈரம் காயவிட்டுப் பொருத்தினால் சரி.

அந்தப் பத்திக்கு நான் எழுதிய மாற்று:

"கடைகளில் தெர்மல் பேஸ்ட் எனப்படும் வெப்பக் களிம்பு, சிபியுவின் மேல்மூடிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புகிறது. இது ஒட்டாது, காயவும் விடத் தேவையில்லை. முதலில் அடித்தட்டில் பாதுகாப்புத் தாள் இருந்தால் உரியுங்கள். களிம்பு ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் சேர்க்காதீர்கள். இல்லையென்றால் நடுவில் பட்டாணி அளவு வைத்து, குளிர்விப்பானை நேராக இறக்கி, திருகுகளை மூலைக்கு மூலை சிறிது சிறிதாக இறுக்குங்கள்."

'செயலி' என்று எங்கும் எழுதாமல் 'சிபியு' என்று வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாளிதழிலும் பேருந்து விளம்பரத்திலும் செயலி என்றால் கைப்பேசியில் இறக்குவது என்றாகிவிட்டது. 'செயலியின்மேல் களிம்பு தடவவும்' என்றால் பிள்ளை கைப்பேசித் திரையைத் தடவப் பார்ப்பான். அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்புக்குப் படியெடுக்க வேண்டும்.

பி.கு.: தாய்ப்பலகைக்கும் பெட்டியின் தகட்டுக்கும் நடுவே பூட்டும் பித்தளைக் கட்டைக்கு வரைவில் 'நிற்பான்' என்று இருக்கிறது, பொருளே விளங்கவில்லை. 'தாங்குமுளை' என்று வைக்கலாமா? மறந்துவிட்டால் பலகையின் அடிப்பக்கம் தகட்டில் பட்டுக் குறுக்குச்சுற்று ஆகும். பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக நின்றாலும் அதே கதிதான். ஆகவே 'துளைகளை எண்ணி, அத்தனை தாங்குமுளை மட்டும், அந்தந்த இடத்தில்' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.