லகூனா, கெந்திங்கா, எஸ்கேப்பா? 96 செ.மீ. பிள்ளைக்கும் 117 செ.மீ. பிள்ளைக்கும் சேர்த்து ஒரு திட்டம்

செராஸ் அம்மா:
பள்ளி விடுமுறைக்கு மலேசியாவிலேயே ஒரு தீம் பார்க் பயணம் போட வேண்டும். மூத்தவனுக்கு 7 வயது, 117 செ.மீ. சின்னவளுக்கு மூன்றரை, 96 செ.மீ., மதியம் தூங்கியே ஆக வேண்டும். தாத்தா, பாட்டியும் கூட வருவார்கள். சன்வே லகூன், கெந்திங், பினாங்கு எஸ்கேப் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. "சூப்பர் லா", "ஓகே லா" என்று மட்டும் எழுதாமல், போய்வந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

பத்துமலை வாசி:
உயரத்தைச் சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. பலர் வயதை மட்டும் சொல்வார்கள். சவாரி வாசலில் யாரும் வயது கேட்பதில்லை, உயரம் அளக்கும் கோல்தான் பேசும். பொதுவாக 90, 100, 110, 120, 140 செ.மீ. என்று படிப்படியாகக் கோடு போட்டிருப்பார்கள். உங்கள் மூத்தவனின் 117தான் தொல்லை பிடித்த அளவு: 110 கோட்டை எளிதாகத் தாண்டுவான், 120 கோட்டில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அது நடந்தால் அழுகையோடு அன்றைய நாளே போச்சு.

வீட்டில் சிலிப்பரைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, தலைமேல் தடித்த புத்தகத்தைத் தட்டையாக வைத்து அளங்கள். மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க ஓடி ஆடியதில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கி, காலையில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்திருக்கும். அந்தக் குறைந்த அளவை வைத்தே திட்டம் போடுங்கள். கொண்டை, குடுமி எதுவும் கணக்கில் சேராது. தடித்த அடிப்பாகம் வைத்த சப்பாத்து போட்டுக் கோட்டைத் தாண்ட வைக்கும் தந்திரம் வேண்டவே வேண்டாம். இருக்கையின் பிடிகம்பி அந்த உயரத்துக்கென்று செய்தது, அதைவிடச் சின்ன உடம்பு அதன் அடியில் நழுவும்.

அடுத்தது, பார்க்கின் இணையப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு சவாரிக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து ஏறக்கூடியவை, பெரியவன் மட்டும் ஏறக்கூடியவை, பெரியவர் துணையோடு சின்னவள் ஏறக்கூடியவை என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். முதல் பத்தியில் ஆறு ஏழு சவாரிகூடத் தேறாவிட்டால் அந்தப் பார்க்கை இந்த ஆண்டு விட்டுவிடலாம். விளம்பரத்தில் எத்தனை சவாரி என்று போட்டிருந்தாலும் நமக்கு அது கணக்கில்லை.

புச்சோங் அண்ணன்:
லகூன் பற்றி. பொதுவாகச் செவ்வாய்க்கிழமை மூடுவார்கள், அந்தச் செவ்வாய் பள்ளி விடுமுறையிலோ பொது விடுமுறையிலோ வந்தால் மட்டும் திறப்பார்கள். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய தேதியை அவர்கள் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுப்பது வாசலில் எடுப்பதைவிட மலிவு. மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) உள்ளவர்களுக்கு விலை தனி என்பதால் பெரியவர்களின் மைகார்டோடு பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டையும் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை எல்லா முகப்பிலும் ஏற்பதில்லை.

இடம் பழைய ஈயச் சுரங்கப் பள்ளம். நுழைவாயில் மேலே, பூங்கா கீழே. உள்ளே போகும்போது எல்லாம் இறக்கம், சுகமாக இருக்கும். மாலையில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு, ஈரத்துணிப் பையைக் கையில் பிடித்து ஏறும்போது அது ஏற்றம். தாத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள். தொங்குபாலம் 428 மீட்டர் நீளம், ஆடும். உயரத்துக்குப் பயப்படுகிற பாட்டியை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

10 மணிக்குத் திறக்கும் என்றால் 9.30க்கே அங்கே இருங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் கிடைக்கும் சவாரிகள் மதியம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம். உள்ளே போனதும் எல்லோரும் முதலில் கண்ணில் படுகிற வரிசையில் நிற்பார்கள். நீங்கள் லாக்கரை முடித்துக்கொண்டு நேரே தூரத்திலிருக்கும் மூலைக்குப் போய், அங்கிருந்து வாசல் பக்கமாகத் திரும்பி வாருங்கள். சின்னவளுக்கு நிக்கலோடியன் லாஸ்ட் லகூன் பகுதியும் ஆழமில்லாத குளங்களும் போதும். 12 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால் வரிசை இருக்காது.

கார் இல்லையென்றால் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் யுஎஸ்ஜே 7 வரை போய், அங்கே பிஆர்டி மின்சாரப் பேருந்துக்கு மாறி 'சன்வே லகூன்' நிலையத்தில் இறங்கலாம். கேடிஎம் ரயிலில் வருபவர்கள் செத்தியா ஜெயாவில் பிஆர்டிக்கு மாற வேண்டும். காரில் வந்தால் மாலை 5.30க்கு மேல் பண்டார் சன்வே முழுக்க ஜாம். சன்வே பிரமிட் பேரங்காடி பக்கத்திலேயே இருக்கிறது, இரவுச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு 8 மணிக்குக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

செராஸ் அம்மா:
நன்றி அண்ணே. மதியத் தூக்கத்துக்கு என்ன செய்வது? இன்னொன்று, நாங்கள் புரட்டாசி சைவம், உள்ளே என்ன சாப்பிடலாம்?

புச்சோங் அண்ணன்:
தூக்கத்துக்கு இரண்டு வழி. வெளியே போய்த் திரும்ப நுழைய அனுமதி உண்டா என்று நுழையும்போதே கேளுங்கள். இருந்தால் 12.30க்கு வெளியேறி, பிரமிட்டிலோ காரிலோ ஒன்றரை மணி நேரம் தூங்க வைத்து, 3 மணிக்குத் திரும்பலாம். இல்லையென்றால் மடக்கும் தள்ளுவண்டியும், பாட்டி உட்கார நிழலும்தான் வழி. தள்ளுவண்டிமேல் தடித்த போர்வையைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். மெல்லிய பருத்தித் துணியைப் பக்கம் திறந்தபடி தொங்கவிட்டால் போதும்.

சைவம்தான் கஷ்டம். சைவம் என்று கொடுக்கும் நாசி கோரெங்கில் (வறுத்த சோறு) பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். "தெலோர் (முட்டை) வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், இக்கான் பிலிஸ் (நெத்திலி) வேண்டாம்" என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் இறைச்சி மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், கைக்குழந்தை உணவுக்குத்தான் பொதுவாக விலக்கு. எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ கட்டிக் காரில் வைத்திருந்து வெளியே வரும்போது சாப்பிடலாம். தயிர்ச்சோறும் தேங்காய்ச் சட்னியும் வெயிலில் நிற்கும் காரில் தாங்காது.

ஷா ஆலாம் நீச்சல் வாத்தியார்:
தண்ணீர்ப் பக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

உடை: பருத்திச் சட்டை, ஜீன்ஸ், சுரிதார் போட்டுச் சறுக்குகளில் ஏற விட மாட்டார்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், சறுக்கில் உராய்ந்து பாதி வழியில் நிறுத்தும், பின்னால் வருபவர் மோதுவார். லைக்ரா அல்லது நைலான் நீச்சலுடை வேண்டும். முழுக்கை, முழுக்கால் வகை வாங்கினால் வெயிலுக்கும் ஆகும், கூச்சப்படும் பெண்களுக்கும் ஆகும். உலோக ஜிப், பொத்தான் உள்ளதும் ஆகாது, சறுக்கைக் கீறும்.

நகை: நம் ஆட்களிடம்தான் இந்தப் பிரச்சினை அதிகம். சின்னவளின் வெள்ளி அரைஞாண், கொலுசு, காதுத் தொங்கட்டான் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கொலுசு வலையிலோ ஏணியிலோ மாட்டினால் கால் பிசகும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய நீச்சலுடைக்குள் ஒட்டிப் போட்டு மறையுங்கள், சறுக்கில் மட்டும் ஏற வேண்டாம். தண்ணீரில் விழுந்த தங்கத்தைக் குளத்தில் தேட ஆள் கிடைக்காது.

பேம்பர்ஸ்: சாதாரணப் பேம்பர்ஸோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளேயிருக்கும் உறிஞ்சு மாவு தண்ணீரை இழுத்து ஊதிப் பிய்ந்துவிடும். நீச்சல் பேம்பர்ஸ் தனியாக விற்கிறார்கள். அது மலத்தைத்தான் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. அதனால் காரிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், சீட் நனையும். குளத்தருகே மாற்றி, மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

மிதவை: கைகளில் மாட்டும் காற்று மிதவை உயிர்க்காப்புச் சாதனம் இல்லை, வழுக்கிக் கழன்றுவிடும். உயிர்க்காப்புச் சட்டையை எடை பார்த்து எடுங்கள், கால்களுக்கிடையே வரும் பட்டையைக் கட்டுங்கள். கட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், முகவாய்க்கு மேல் ஏறினால் பெரிது. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையும் ஆட்டாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். நாலு பெரியவர்கள் இருக்கிறோம் என்று எல்லோரும் சேர்ந்து பார்த்தால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். உதடு நீலமாகவோ பல் கிட்டவோ ஆரம்பித்தால் உடனே வெளியே எடுத்துத் துடைத்துவிடுங்கள். மூன்றரை வயது உடம்புக்கு அரை மணி நேரத்துக்கு ஓர் இடைவெளி வேண்டும்.

இடி: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் அறிகுறி தெரிந்தாலே குளத்தைக் காலி செய்வார்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பு வழக்கம், காவலாளியோடு சண்டை போட்டுப் பயனில்லை. தண்ணீர் விளையாட்டைக் காலையிலும், கூரையுள்ளதைப் பிற்பகலுக்கும் வையுங்கள்.

கோம்பாக் மாமா:
கெந்திங் போவதென்றால் இரண்டு பூங்கா உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்கைவோர்ல்ட்ஸ் வெளிப்புறம், 2022 பிப்ரவரி 8 அன்று திறந்தது, 26 ஏக்கரில் ஒன்பது பகுதி. ஸ்கைட்ரோபொலிஸ் உள்ளரங்கம். மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர். மூடுபனியும் மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, வந்தால் வெளிச் சவாரிகள் நிற்கும். 96 செ.மீ. பிள்ளையோடு ஆண்டுக் கடைசியில் போவதானால் என் ஓட்டு ஸ்கைட்ரோபொலிஸுக்கு. ஸ்கைவோர்ல்ட்ஸ்தான் வேண்டுமென்றால் அவர்கள் செயலியை முதல் நாள் இரவே இறக்கிப் பதிவு செய்து வையுங்கள், மேலே போய்ச் சிக்னல் தேட வேண்டாம். மழைச்சட்டையும், மாற்றுக் காலுறையும், குளிர்ச்சட்டையும் வேண்டும். குடையைக் காற்று திருப்பிப்போடும்.

ஏறும் வழியில் காது அடைக்கும். சின்னவளுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள், விழுங்கும்போது அடைப்பு திறக்கும். வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே லேசாகப் பசியாற வையுங்கள், கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள். அவானாவில் காரை விட்டுவிட்டு அவானா ஸ்கைவே கேபிள் கார் ஏறினால் இந்தத் தொல்லை பாதிதான். 2.8 கிலோமீட்டர், 10 நிமிடம், பெட்டிக்குப் பத்துப் பேர், நடுவில் சின் சுவீ கோயில் நிலையம். மின்னல் அடித்தால் அதுவும் நிற்கும், கடைசி நேரத்துக்கு இறங்கலாம் என்று இருக்காதீர்கள். காரில் இறங்குபவர்கள் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகல் வாடை வருவது அதற்குத்தான்.

தைப்பூசத்தன்றும் அதற்கு முந்தின இரவும் இந்தப் பக்கமே வராதீர்கள். பத்துமலை முன்னால் எம்ஆர்ஆர்2 சாலை அசையாது. பெருநாள், சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள்களில் காராக் நெடுஞ்சாலையும் அப்படித்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
பினாங்கு எஸ்கேப் தெலுக் பஹாங்கில் இருக்கிறது. இயந்திரச் சவாரிகள் கம்மி. ஏறு, தொங்கு, குதி, சறுக்கு, எல்லாம் உடம்பால் செய்வது. தங்கச்சி, உங்கள் 7 வயதுக்காரனுக்குத்தான் இது, சின்னவளுக்குத் தண்ணீர்ப் பகுதியோடு சரி. பேர்போன குழாய்ச் சறுக்கு 1,111 மீட்டர், 2019இல் கின்னஸ் ஏறியது, இறங்க நாலு நிமிடம் பிடிக்கும். அதற்கான வரிசை காலையிலேயே நீண்டுவிடும், முதல் வேலையாக அங்கே போங்கள், அவன் உயரம் போதுமா என்பதையும் முதலில் கேளுங்கள். வழக்கமாகத் திங்கள்கிழமை விடுமுறை.

தாத்தா, பாட்டி, சின்னவள் மூவரையும் அதே தெலுக் பஹாங்கில் என்டோபியாவுக்கு அனுப்பிவிடலாம். 1986இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கியது, நடக்க எளிது. மூன்று டிக்கெட் வீணாகாமல் தப்பும்.

கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறலாம். கார்களை ஃபெர்ரியில் இப்போது ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார்சைக்கிளும்தான். ஜெட்டியிலிருந்து 101ஆம் எண் பேருந்து கொம்தார், பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் போகும். கடற்கரைச் சாலை குறுகல், விடுமுறை மாலையில் ஊர்ந்துதான் வர முடியும். பாலிக் பூலாவ் வழியாகச் சுற்றலாம் என்று வழிகாட்டிச் செயலி சொன்னால், வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கும்போது கேட்காதீர்கள். தீத்தி கெராவாங் வளைவுகள் பெரியவர்களுக்கே தலைசுற்றும்.

செந்தூல் ஃபார்மசி:
கை, கால், வாய்ப்புண் நோய் நம் நாட்டில் ஓயாதது. அந்தக் கிருமி ஆல்கஹால் கைத்திரவத்துக்குச் சரியாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள், குளோரினைத் தாங்கும் கிருமிகள் உண்டு. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், வெயிலில் இறங்கும் முன் 20 நிமிடம், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, துடைத்த பிறகு மறுபடி. புகைமூட்டக் காலத்தில் ஏபிஐ (காற்று மாசுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றப் பாருங்கள்.

பத்துமலை வாசி:
விட்டுப்போனது ஒன்று. காலையில் உள்ளே நுழையும் முன் இருவரையும் அன்றைய உடையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் "என்ன சட்டை?" என்று கேட்கும்போது யாருக்கும் நினைவு வராது. கைப்பேசி எண்ணைப் பேனாவால் முன்கையில் எழுதி அதன்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். மூத்தவனுக்கு அந்த எண்ணை மலாயிலும் சொல்லப் பழக்குங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதற்றத்தில் எண்களைத் தமிழில்தான் சொல்லும், கேட்கும் பணியாளருக்குப் புரியாது. அம்மா பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்று சொல்லாமல் முழுப்பெயரைச் சொல்லவும் சொல்லிக்கொடுங்கள்.

செராஸ் அம்மா:
சின்னவள் இன்று கேட்டதும் முழுப்பெயரைச் சொல்லிவிட்டாள், எண்தான் இன்னும் வரவில்லை. லகூன், புதன்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். லாக்கர் பணமா, அட்டையா அண்ணே?

புச்சோங் அண்ணன்:
உள்ளே பணமில்லாக் கட்டணம்தான் நடைமுறை, வங்கி அட்டையைக் கொண்டுபோங்கள். ஒரே பெரிய லாக்கர் எடுத்தால் போதும், ஆளுக்கொன்று வேண்டாம். உலர்ந்த துணியை மேலேயும் மற்றதை அடியிலும் வையுங்கள், ஈரக் கையோடு எல்லாவற்றையும் கிளற வேண்டியிருக்காது.