சூப்பர் கெப்பாசிட்டருக்குக் கொட்டாங்குச்சிக் கரி: 10 ஆம்பியரில் ஃபாரட் ஏன் இப்படிச் சரிகிறது?

கரித்தூள்:
சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வேகமாகத் திருப்பித் தரும் சாதனம்) எலக்ட்ரோடுக்காகக் கொட்டாங்குச்சியை நைட்ரஜனில் 500 டிகிரியில் கரியாக்கி, நான்கு மடங்கு எடை கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம்) கலந்து, 800 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். பி.இ.டி. முறையில் (வாயு ஒட்டுவதை வைத்து) அளந்த துளைப் பரப்பு கிராமுக்கு 2,100 சதுர மீட்டர். நிக்கல் ஃபோமில் (பஞ்சு போன்ற நிக்கல் தகடு) பூசி, 6 மோலார் கே.ஓ.எச். கரைசலில், மூன்று எலக்ட்ரோடு செல்லில் அளந்தால் கிராமுக்கு 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் கிராமுக்கு 260 ஃபாரட் (மின்னேற்றம் சேமிக்கும் திறன்). 10 ஆம்பியரில் வெறும் 95. கே.ஓ.எச்.சை இன்னும் கூட்டலாமா?

மின்முனை:
வேண்டாம். கூட்டினால் பரப்பு ஏறலாம், ஆனால் கரியின் அடர்த்தி குறைந்து கன சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் ஃபாரட் விழும். முதலில் 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 10 மில்லிஹெர்ட்ஸ் வரை இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை) எடுங்க. அதை வரைந்த நைக்விஸ்ட் படத்தில் அரைவட்டம் பெரிதென்றால் கரிக்கும் நிக்கலுக்கும் தொடர்பு மோசம். அரைவட்டம் சிறியது, 45 டிகிரிக் கோடு நீளம் என்றால் துளைக்குள் அயனி போய்வரத் தாமதமாகிறது. இந்தக் கரியில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்குக் கீழான துளைகள். சந்து மட்டும் இருக்கு, ரோடு இல்லை. துகளை 10 மைக்ரானுக்குக் கீழே அரைத்தாலே அயனி போகிற தூரம் குறையும்.

1 நானோமீட்டருக்குக் கீழே துளை சுருங்கினால் கெப்பாசிட்டன்ஸ் ஏறும் என்று சிமியோலா, கோகோட்சி, சிமோன் குழு 2006இல் காட்டியதைச் சிலர் இங்கே இழுப்பார்கள். அது கார்பைடிலிருந்து (உலோகமும் கார்பனும் சேர்ந்த பொருள்) எடுத்த கரி, தண்ணீர் இல்லாத அசிட்டோநைட்ரைல் கரைசல்; இங்கே அப்படியே பொருந்தாது.

உலைக்காரன்:
கழுவியது போதுமா? மீந்த பொட்டாசியம் கார்பனேட் துளையை அடைக்கும். 1 மோலார் எச்.சி.எல்.லில் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) 60 டிகிரியில் கலக்கி, பிறகு சூடான டிஸ்டில்டு வாட்டரில் பி.எச். 7 வரை கழுவுங்க. வடிநீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் வெள்ளை படியக் கூடாது.

இன்னொன்று, 800 டிகிரியில் பொட்டாசியம் ஆவியாகிக் குழாயின் குளிர்ந்த முனையில் படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை நைட்ரஜனை நிறுத்தாதீங்க. திறந்ததும் தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும், முதலில் ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலை ஊற்றுங்க. போட் (உலைக்குள் கரி வைக்கும் தட்டு) நிக்கலாக இருக்கட்டும், அலுமினாவைக் காரம் தின்றுவிடும்.

கரித்தூள்:
அரைவட்டம்தான் பெரிது. பூச்சில் கார்பன் பிளாக் (மின்சாரம் கடத்தும் கரிப்பொடி) 5, பி.வி.டி.எஃப். (துகள்களை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் பைண்டர்) 15 சதவீதம்.

மின்முனை:
அப்போ துளை மேல் பழி போட வேண்டாம். 15 சதவீத பைண்டர் கரித்துகளைச் சுற்றி மின்காப்பாகிவிடும். அதோடு 6 மோலார் காரத்தில் பி.வி.டி.எஃப். சிதைந்து பழுப்பாகும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நீர்க்கலவைக்கு மாறி, கரி, கார்பன் பிளாக், பைண்டர் 80:10:10 வையுங்க. 10 மெகாபாஸ்கலில் ஒரு நிமிடம் அழுத்துங்க.

அளவைக்காரி:
அந்த 260ஐயும் அப்படியே நம்பாதீங்க. பாசிட்டிவ் பக்கம் போகப் போக நிக்கலின் வினையும் கணக்கில் ஏறும். வெறும் ஃபோமை அதே வோல்ட் வரம்பில் ஓட்டிக் கழியுங்க. சமச்சீர் இரண்டு எலக்ட்ரோடு செல் கட்டி, 2 × மின்னோட்டம் × டிஸ்சார்ஜ் நேரம் ÷ (ஒரு எலக்ட்ரோடின் கரி எடை × வோல்ட் வீச்சு) என்று போடுங்க. ஐ.ஆர். டிராப்பை (டிஸ்சார்ஜ் தொடங்கியதும் தடையால் சட்டென விழும் வோல்ட்) வோல்ட்டில் கழித்த பிறகு.