மறு: டெமரேஜ், வார்பேஜ் இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> டெமரேஜ் = தாமதக் கட்டணம், வார்பேஜ் = துறைக் கட்டணம். இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. ரயில் சரக்கை இறக்கி ஏற்றும் இடமான தருமபுரி கூட்ஸ் ஷெட்டுக்கு வந்துபோகிற லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். இந்த இரண்டு சொல்லும் தினமும் காதில் விழுபவை. டெமரேஜ் என்பது ரயில்வேயின் வண்டியைப் பிடித்து வைத்ததற்குக் கட்டும் பணம். வார்பேஜ் என்பது நம் சரக்கை அவர்கள் இடத்தில் போட்டு வைத்ததற்குக் கட்டும் பணம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும் தன் 2ஆவது பிரிவில் இரண்டையும் தனித்தனியாகத்தான் வரையறுக்கிறது. செய்தித்தாள்களில் மட்டும் இரண்டும் ‘தாமதக் கட்டணம்’ ஆகிவிடுகின்றன. மின் கட்டணத்தைத் தேதி தவறிக் கட்டினாலும் அதே பெயர்தான்.

வேறுபாடு எங்கே உறைக்கும் என்பதைச் சொல்கிறேன். அரிசி ரேக் ஒன்று, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலின் வேகன் வரிசை, வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 வேகன், ஏறத்தாழ 2,600 டன். ஒரு வேகனில் மட்டும் ஐம்பது கிலோ மூட்டை ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கும். சின்ன யார்டில் இறக்கும் பாதை முழு ரேக்குக்கும் போதாவிட்டால், ரேக்கைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் பக்கப் பாதையான லூப் லைனில் விட்டுவிட்டு மறுபாதியைச் சரக்குப் பிளாட்பாரத்தில் சேர்க்க வேண்டும். நடுவில் பயணிகள் ரயில் வந்தால் இப்படி வேகன்களை நகர்த்திச் சேர்க்கும் ஷண்டிங் நின்றுவிடும். வேகனைச் சேர்த்து நிறுத்தியாயிற்று என்றதும் இறக்குவதற்கான நேரம் ஓடத் தொடங்கும்; அது தாண்டினால் டெமரேஜ். வேகன் கதவின் சீல் முத்திரையை அறுத்து, கதவைத் தள்ளி, வேகனுக்கும் லாரிக்கும் நடுவே பலகை போட்டு, லோடுமேன்கள் மூட்டையை முதுகில் வாங்கி நேரே லாரியில் அடுக்குவார்கள். லாரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும்வரை சிக்கல் இல்லை.

மழை பிடித்துக்கொண்டாலோ, குடோன் வாசலில் லாரிகள் காத்துக் கிடந்து திரும்பி வராவிட்டாலோதான் மேஸ்திரி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மூட்டைகளைப் பிளாட்பாரத்திலேயே அட்டி போட்டு (அடுக்கி வைத்து), தார்ப்பாயால் மூடி, வேகனைக் காலி செய்து கொடுத்துவிடுவார். டெமரேஜ் அத்தோடு நிற்கும். ஆனால் கீழே கிடக்கிற மூட்டைகளை உரிய நேரத்துக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் வார்பேஜ் விழும். எது குறைவாக வரும் என்று அந்த நேரத்தில் போடுகிற கணக்கு சாமானியமானதல்ல. அவசரமாக இறக்கிய மூட்டை கிழியும், நனையும், ஆளுக்கும் கூலி கூடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த முடிவைத் தமிழில் எழுதவே முடியாது. ‘தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கத் தாமதக் கட்டணம் கட்டினார்’ என்றால் யாருக்கு என்ன புரியும்?

‘துறைக் கட்டணம்’ பற்றி. மூலச்சொல் கப்பல் துறையிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் இங்கே கடலும் இல்லை, படகும் இல்லை. மேலும் ‘துறை’ என்றால் இன்று எல்லோருக்கும் அரசுத் துறைதான் முதலில் நினைவுக்கு வரும். ரேக்கில் வருவது உரமாக இருந்தால், அதற்கு வேளாண்மைத் துறை வாங்கும் ஏதோ கட்டணம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆகவே, எது சிக்கி நிற்கிறதோ அதை வைத்தே பெயரிடலாம். என் பரிந்துரை:

டெமரேஜ்: முடக்கக் கட்டணம் (தேவைப்பட்டால் ‘வேகன் முடக்கக் கட்டணம்’)
வார்பேஜ்: கிடப்புக் கட்டணம் (‘சரக்குக் கிடப்புக் கட்டணம்’)

வண்டி ஓட வேண்டியது. ஓடாமல் நிறுத்தி வைத்தால் அது முடக்கம். லாரித் தொழிலிலும் இது உண்டு: இறக்காமல் லாரியைக் காக்க வைத்தால் ‘ஹால்டிங்’ கேட்பார்கள். அதற்கும் ‘லாரி முடக்கக் கட்டணம்’ என்று இதே சொல் பொருந்தும். சரக்கு தானாக ஓடாது, போட்ட இடத்தில் கிடக்கும். அதனால் கிடப்பு. ‘கிடப்பில் போட்டுவிட்டார்கள்’ என்பது தெரியாத தமிழர் இல்லை.

> ‘தேக்கக் கட்டணம்’ இன்னும் அழகாக இருக்குமே?

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சரக்குத் தேக்கம்’ என்று விற்காமல் குவிந்ததை ஏற்கெனவே எழுதுகிறோம். வேகனுக்கு அதை வைத்தால் மறுபடியும் குழப்பம்தான்.

இன்னொரு சொல்லும் வேண்டும். இறக்கவும் எடுத்துப்போகவும் கட்டணம் இல்லாமல் தருகிற நேரத்தை ஷெட்டில் ‘ஃப்ரீ டைம்’ என்கிறோம். ‘இலவச நேரம்’ என்றால் ஓய்வு நேரம் போல் ஒலிக்கிறது. நம்மிடம் ‘கெடு’ இருக்கிறதே! ‘கெடு முடிந்தது’, ‘கெடு கேட்டார்’ எல்லாம் வழக்கில் உள்ளவை. இறக்கும் கெடு, எடுக்கும் கெடு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இறக்கும் கெடு தாண்டினால் முடக்கக் கட்டணம், எடுக்கும் கெடு தாண்டினால் கிடப்புக் கட்டணம்.

> ஷெட்டில் எல்லோரும் டெமரேஜ் என்றே சொல்லும்போது தமிழ்ச்சொல் யாருக்கு?

பேச்சில் டெமரேஜ் இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. இது எழுத்துக்கு. ரயிலில் வரும் உரத்துக்குக் காத்திருக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் எல்லோரும் கூட்ஸ் ஷெட்டைப் பார்த்தவர்கள் அல்லர். கிருஷ்ணகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகர், ஆனால் நகருக்கு இன்று ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து அங்கே ஓடிய நேரோகேஜ் (குறுகிய பாதை) ரயில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பில்லைக் கையில் வைத்திருப்பவருக்கு, தன் பணம் வேகனுக்காகப் போனதா மூட்டைக்காகப் போனதா என்று சொல்லைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். வேகனுக்காக என்றால் ஆள் போதவில்லை, மூட்டைக்காக என்றால் லாரி போதவில்லை என்று அடுத்த ரேக்குக்கு முன்பே அவரால் ஏற்பாடு செய்ய முடியும்.

‘முடக்கம்’ குறித்து எனக்கே ஒரு தயக்கம் உண்டு. ‘வங்கிக் கணக்கு முடக்கம்’ என்பது அதிகாரி செய்வது. இங்கே முடக்குவது சரக்கு வாங்குகிறவர். கட்டணத்தோடு சேர்ந்து வரும்போது இது தடையாக இராது என்று நினைக்கிறேன். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகப் பக்கம் இருப்பவர்கள் கப்பலுக்கும் கன்டெய்னருக்கும் இதே சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அங்கே இடறினால் வேறு சொல் தேடுவோம்.