அந்தப் பதினான்கில் எங்கள் தாத்தா உண்டா?

பாலாற்றங்கரையான்:

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1914–18 யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. போன மாதம் படமெடுக்கப் போனேன். பக்கத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த பெரியவர், "முப்பது வருஷமாக இங்கேதான் உட்காருகிறேன். அதில் என்னதான் எழுதியிருக்கிறது சார்?" என்றார். படித்துச் சொன்னேன். தராசில் வைத்த காயை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பதினான்கில் எங்கள் தாத்தா உண்டா, பாருங்கள்" என்றார். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போனவராம், திரும்பவே இல்லையாம்.

கல்லில் ஒரு பெயர்கூடக் கிடையாது. எண்கள் மட்டும்தான். அதைச் சொல்ல வாய் வராமல், "உண்டு" என்று சொல்லிவிட்டேன். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எடுத்த அரைக் கிலோவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் குழம்பு வைத்தார்கள், சாப்பிட்டேன். இன்னும் இறங்கவில்லை.

ஓய்வூதியர் 58:

உங்களுடையது ஒரு சொல். என்னுடையது கையெழுத்து.

பழைய வட ஆற்காட்டில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். 1987-இல் பதிவறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று கோப்புகளைப் பிரித்து, காலம் முடிந்தவற்றை எடைக்குப் போட வேண்டும். கட்டு ஒன்றில் 1946-ஆம் ஆண்டுக் கோப்பு இருந்தது. மூன்றாண்டு வகைக்கு அன்றைய வழக்கில் கே.டிஸ்., இப்போது மூ.மு. என்கிறோமே, அது. மூன்று வருஷத்தில் அழிந்திருக்க வேண்டியது, எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் சோம்பலால் பிழைத்துக் கிடந்தது. நாங்கள் சுறுசுறுப்பானவர்கள்.

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த பீதியில் பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்கு குழி வெட்டியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்தும் மூடவில்லை. மழைத் தண்ணீர் நின்று, ஒரு பெண்ணின் பசுங்கன்று விழுந்து செத்துவிட்டது. பன்னிரண்டு ரூபாய் கேட்டு மனு. கீழே அவளுடைய பெருவிரல் ரேகை, ஊதா மையில். மை அதிகமாகி, ரேகையின் ஒரு பக்கம் கன்றின் காதுபோல் இழுபட்டிருந்தது. மன்றத்தின் தீர்மானம் ஒரே வரி: குழி வெட்டச் சொன்னது அரசாங்கம், நகராட்சி பொறுப்பல்ல, மனு பதிவு செய்யப்பட்டது. "பதிவு செய்யப்பட்டது" என்றால் மன்ற மொழியில் மூலையில் போட்டாயிற்று என்று பொருள். அடுத்த தாளில் குழியை மூட மதிப்பீடு, வண்டி மண்ணுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று.

இரண்டு முறை படித்தேன். பிறகு கட்டிலேயே வைத்து, அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு தாளைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

கோட்டை அகழி:

அந்த மணிக்கூண்டுக் கல்லில் "இந்தக் கிராமத்திலிருந்து" என்றுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? 1866-லேயே நகராட்சியான ஊரைக் கிராமம் என்கிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே வாசகம், எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்து அனுப்பியிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு கண்கலங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தவிர, இலவம்பாடி இருப்பது அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். அந்த ஊர்க்காரரின் தாத்தா வேலூர்க் கணக்கில் எப்படி வருவார்? நீங்கள் சொன்னது இரட்டைப் பொய்.

ஓய்வூதியர் ஐயா, கோப்பு போனாலும் தீர்மானப் புத்தகம் நிரந்தரப் பதிவேடுதானே, அதில் அந்த வரி இருந்தாக வேண்டும். தேடினீர்களா?

ஓய்வூதியர் 58:

வரி இருக்கும் தம்பி. ரேகை இருக்காது.

கம்மவான்பேட்டை மருமகள்:

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்பார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளம். என் மாமனாரின் சித்தப்பா இரண்டாம் யுத்தத்தில் பர்மா எல்லையில் இருந்தவர். 2003-இல் டேப் ரெக்கார்டரும் புதுக் கேசட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "தாத்தா, யுத்தம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், சுழலும் கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை அணைத்துவிடு அம்மா" என்றார். அணைத்தேன். அதன்பின் இரண்டு மணி நேரம் பேசினார். கோவேறு கழுதைகள் குரல் எழுப்பாமல் இருக்கத் தொண்டையில் அறுவை செய்திருந்ததை, வாயைத் திறந்து சத்தமில்லாமல் செய்து காட்டினார். கேசட்டில் இருப்பது அந்த ஒரு வாக்கியம் மட்டும், பின்னால் கோழி கூவுகிறது. மாமனாரின் திவசத்தன்று அதைப் போட்டுக் கேட்டோம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அணைத்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

சிறைக்கதவு:

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். 1941-இல் காமராசர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் மன்றக் கூட்டத்துக்குப் போய், உடனே பதவியை விட்டுவிட்டார். அந்தச் சிறை இருக்கும் தொரப்பாடி வழியாகப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அவ்வளவுதான்.

ஓட்டைக் காலணா:

என் கதை இரண்டு வரி. 1943 முதல் நடுவில் துளை போட்ட காலணா வந்ததல்லவா, என் பாட்டி அதைக் கோத்துத்தான் எங்கள் அப்பாவுக்கு அரைஞாண் கட்டியிருந்தாள். பிறகு யாரோ அதைப் பம்ப் ஸ்டவ்வுக்கு வாஷராகப் போட்டுவிட்டார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில், மருமகள் அம்மா கேட்ட கேள்வியே தவறு. யுத்தம் எப்படி இருந்தது என்று யாரையும் கேட்கக் கூடாது. அரிசி எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அட்டை, வரிசை, மண்ணெண்ணெய்க்குத் தகரடப்பா என்று தானாக வரும். 1945-இல் யுத்தம் முடிந்ததென்பது பாடப்புத்தகத்துக்கு. சமையலறைக்கு அது 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோதுதான் முடிந்தது. இரண்டாவது, பெயர் தேடுபவர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் வெறும் ஊர்ப் பெயரைப் போட்டால் அகப்படாது. வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டலில் போட வேண்டும், வந்தவாசியை வாண்டிவாஷ் என்பதுபோல. தகப்பன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள், சில பதிவுகளில் இருக்கும். மூன்றாவது, முதல் யுத்தம் என்றால் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எல்லையைக் கவனியுங்கள். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் போய்விட்டது, திருவண்ணாமலைப் பக்கம் 1989 வரை நம்மோடுதான் இருந்தது. நான்காவது, கேசட்டை உடனே கணினியில் ஏற்றுங்கள் அம்மா, நாடாவில் பூஞ்சை வந்தால் அந்தக் கோழியும் போய்விடும். ஐந்தாவது, கோட்டை அகழி அவர்களே, கல்லில் பெயர் இல்லாததற்குக் கத்தரிக்காய்க்காரரின் தாத்தா என்ன செய்வார்?

கோட்டை அகழி:

அவரைக் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொன்னேன்.

பாலாற்றங்கரையான்:

இலவம்பாடி அவருடைய மனைவியின் ஊர். இவர்கள் பரம்பரையாக வேலூர் சைதாப்பேட்டை. ஆகவே பொய் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். கல்லில் பெயர்களே இல்லை, அன்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். தெரிந்தே சொன்னேன் என்று சொல்ல அப்போதும் தைரியமில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். காய்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "பெயர் இல்லாவிட்டால் என்ன சார், கணக்கில் இருப்பாரில்லையா?" என்றார். காலணாக்காரர் சொன்னபடி இணையத்தில் தேடிப் பார்க்கலாம், தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். தெளித்த கை நின்றது.

"பட்டாளத்துத் தாத்தா என்றுதான் வீட்டில் சொல்வார்கள்" என்றார்.

அப்பாவின் ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதிலாவது முதலெழுத்து இருக்குமே என்றேன். அப்பா பள்ளிக்கூடமே போகவில்லையாம். கடைசியில், ஒடுகத்தூரில் ஒரு அத்தை இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர், காலையில் போனால் பேசுவார், மத்தியானம் ஆனால் ஆளையே தெரியாது என்றார். இந்த முறை கத்தரிக்காய்க்குக் காசு வாங்கிக்கொண்டார். புதன்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.