குப்பை எரிக்கிற பவர் பிளான்ட்ல ஷட்டவுன் வேலைக்குக் கூப்பிடுறாங்க, போகலாமா?

கோத்தகிரி_பாய்லர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊரு) எனக்கு. தேயிலை ஃபாக்டரில 9 வருசமா பாய்லர் பாக்குறேன், செகண்ட் கிளாஸ் சர்டிஃபிகேட் இருக்கு. இப்ப பனி விழுந்து இலை வரத்து சுத்தமா கொறஞ்சு போச்சு, ஃபாக்டரி வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் ஓடுது. இந்த நேரம் பாத்து ஒரு கான்ட்ராக்டர் கூப்பிடுறாரு, வடக்க குப்பைய எரிச்சு கரண்ட் எடுக்குற பிளான்ட்ல 22 நாள் ஷட்டவுனாம் (பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்குறது), தங்க இடம் சாப்பாடு அவங்களே பாத்துக்குறாங்களாம். எங்ககிட்ட வருசம் ஒருக்கா பாய்லர ஆறவிட்டு ட்யூபுக்குள்ள பிரஷ் விட்டு இழுத்து கேஸ்கெட் மாத்தி இன்ஸ்பெக்டருக்குக் காட்டுனா 4 நாள்ல வேலை முடிஞ்சுது. அங்க மட்டும் ஏன் 22 நாள், அவ்ளோ ஆளு? சாம்பல் விஷம்னு வேற சொல்றாங்க, நெசமா? ஹெத்தை பண்டிகை முடியாம கெளம்பக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, அத நான் சமாளிச்சுக்குவேன். உள்ள போய் வேலை பாத்தவங்க சொல்லுங்க.

குன்னூர்_வெல்டர்:
தம்பி, நான் இந்த மாதிரி பிளான்ட்ல 6 ஷட்டவுன் பாத்தவன். மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்க, நீ எரிக்கிறது கற்பூர மரம், சீகை விறகு, அதோட சாம்பல தோட்டத்துக்கே போடலாம். அங்க எரியிறது ஊரோட மொத்தக் குப்பை. பிவிசி, உப்பு போட்ட சாப்பாடு எல்லாத்துலயும் இருக்குற குளோரின் பொகையோட போயி சூப்பர்ஹீட்டர் ட்யூப் (நீராவிய இன்னும் சூடேத்துற கொழாய்) மேல உப்பா படியும், சூட்டுல இரும்பத் தின்னும். 5 மில்லி தடிமன் இருந்த ட்யூப் மீட்டர் வச்சுப் பாத்தா 3 மில்லிதான் காட்டும். அதனால ட்யூப் ட்யூபா அளந்து, மோசமானத வெட்டி எடுத்து புதுசு வச்சு வெல்ட் பண்ணி, சில எடத்துல நிக்கல் கலவைய மேல பூசி, எக்ஸ்ரே எடுத்து, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணிய அழுத்தி லீக் பாக்குறது) போட்டு முடிக்கணும். நாள் எல்லாம் இதுலதான் போகுது.

அப்புறம் க்ரேட். படிக்கட்டு மாதிரி முன்ன பின்ன நகர்ற இரும்புக் கட்டைங்க, குப்பை அது மேலதான் எரிஞ்சுகிட்டே எறங்கும். அலுமினியம் 660 டிகிரிலயே உருகிரும்ல, டப்பா, ஃபாயில் எல்லாம் உருகி கட்டை சந்துல எறங்கி ஒறஞ்சு போய் இருக்கும். நான் ஒரு தடவ உளி வச்சு அடிச்சு எடுத்த துண்டு உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு, மறுபக்கம் கட்டையோட வரி அப்பிடியே அச்சா பதிஞ்சிருந்துச்சு. மெத்தை ஸ்பிரிங்கு, கட்டுக் கம்பி எல்லாம் சுத்திகிட்டு கெடக்கும், ஒவ்வொண்ணா வெட்டித்தான் எடுக்கணும்.

பயப்பட வேண்டியது எதுக்குன்னா மேல இருந்து விழுற கட்டிக்கு. ஒரு பிளான்ட்ல, பேரு வேணாம், மேல சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே எங்கள சாரம் கட்ட அனுப்பிட்டாங்க. சுவத்துல ஒட்டியிருந்த கிளிங்கர் (இறுகிப் போன சாம்பல் கட்டி) ஒண்ணு, சிமெண்ட் மூட்டை சைசு இருக்கும், நான் நின்ன பலகைக்கு ரெண்டடி தள்ளி விழுந்து பலகைய ரெண்டா ஒடச்சிருச்சு. தண்ணி பாய்ச்சி மேல இருந்து கீழ வரைக்கும் தட்டி எறக்கிட்டோம்னு சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட பர்மிட்ட உன் கண்ணால பாக்காம மேன்ஹோல்ல தலைய விடாத. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ காட்டுனா யாரு திட்டுனாலும் உள்ள போகாத. உள்ள 24 வோல்ட் லைட் மட்டும்தான்.

சாம்பல் விசயம் நெசம்தான். க்ரேட்டுக்கு அடியில விழுறத விட பொகைய வடிகட்டுற பேக் ஃபில்டர்ல புடிக்கிற பொடி சாம்பல்தான் மோசம், ஈயம், காட்மியம், டையாக்ஸின்ங்கிற விஷம் எல்லாம் அதுலதான் சேருது. முழு சூட்டு, நல்ல ஃபில்டர் மாஸ்க்கு, அந்தத் துணியோட ரூமுக்குப் போகாம அங்கயே குளிச்சு மாத்திகிட்டு வரணும். மாஸ்க்கு யாரு தருவாங்கன்னு இப்பவே கேளு.

கண்ட்ரோல்ரூம்_கூடலூர்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. நாங்க நிறுத்துறதே ஒரு வேலை. குப்பை ஃபீட நிறுத்தின ஒடனே ஃபர்னஸ ஆறவிட முடியாது, 850 டிகிரிக்குக் கீழ எறங்குனா அரகொறையா எரிஞ்சு டையாக்ஸின் கெளம்பும், அதனால க்ரேட் காலியாகுற வரைக்கும் டீசல் பர்னர் போட்டு சூட்ட புடிச்சு வைப்போம். அப்புறமும் மெதுவாத்தான் எறக்கணும், அவசரப்பட்டா உள்பூச்சு செங்கல் வெடிக்கும். மறுபடி ஏத்தும்போதும் அதே பொறுமைதான். ஆனா ஊருல குப்பை வண்டி ஒரு நாளும் நிக்காதே, அதனால முன்னாடியே குப்பை கொட்டி வைக்குற பிட்டுல இருக்குறத எரிச்சு எடம் பண்ணி வைப்போம், ரெண்டு லைன் (எரிக்கிற யூனிட்டு) இருந்தா ஒண்ணு ஓட ஒண்ண நிறுத்துவோம். அந்த பிட்டு பக்கம் வேலை போட்டா கேஸ் மீட்டர் இல்லாம போகாதீங்க, மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கி நிக்கும்.

ஊட்டி_தரம்பிரிப்பு:
நான் குப்பை பிரிக்கிற ஷெட்ல மேஸ்திரி. சீசன்ல டூரிஸ்ட் விட்டுட்டுப் போற அடுப்பு கேஸ் டப்பா, ஸ்ப்ரே டப்பா, செல்போன் பேட்டரி எல்லாம் எங்க பொம்பளைங்க கையால பொறுக்கித்தான் எடுக்குறாங்க. இங்க 2001 வாக்குலயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துருச்சு, ஆனாலும் வந்துகிட்டேதான் இருக்கு. வெல்டர் அண்ணன் சொன்ன அந்த அலுமினியக் கட்டிய எங்க ஷெட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன். நாம கைல எடுக்காம விட்டது எங்கயோ ஒருத்தன் தலைக்கு மேல தொங்கிட்டு நிக்கும்னு ஒரு அக்கா சொன்னாங்க.

கோத்தகிரி_பாய்லர்:
ரொம்ப நன்றிண்ணா, எல்லாருக்கும். நேத்து கான்ட்ராக்டர்கிட்ட அப்பிடியே கேட்டேன். பர்மிட் எல்லாம் கம்பெனி பாத்துக்கும்னாரு, மாஸ்க்குக்குக் கர்ச்சீப் கட்டிக்கலாம், எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்கன்னாரு. வரலன்னு சொல்லிட்டேன்.

குன்னூர்_வெல்டர்:
சரியாப் பண்ணுன தம்பி. நான் போற குரூப்புல பிப்ரவரில ஒரு ஷட்டவுன் இருக்கு, மாஸ்க்கு, இன்சூரன்ஸ் எல்லாம் எழுத்துல தருவாங்க. பண்டிகைய முடிச்சுட்டு சர்டிஃபிகேட் ஜெராக்ஸோட மெசேஜ் போடு.