டர்பன்-ஜோகனஸ்பர்க் நெடுஞ்சாலையான என்-3-ன் ஏற்றத்துக்கு லாரியில் இரும்புச் சரக்கு கட்டுவது: மறிப்பு, பெல்ட், தார்ப்பாய்

ஏற்றுமுற்றப் பொறுப்பு, ஜேக்கப்ஸ், டர்பன்

"பெல்ட்டை இன்னும் நாலு பல் இறுக்கு, அசையாது" என்ற பேச்சை நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள். திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னே போகப் பார்க்கும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். வளைவில் பக்கவாட்டுக்கு 50 சதவீதம். இரும்புக்கும் மரத்தளத்துக்கும் இடையே உராய்வுக் கெழு சுமார் 0.3. ஆக 10 டன் சரக்கில் 3 டன் விசையை உராய்வு தாங்கும், பாக்கி 5 டன்னைக் கட்டு தாங்க வேண்டும்.

சாதாரண 50 மி.மீ. ராட்செட் (பல்சக்கரத்தால் இறுக்கும்) பெல்ட்டின் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். 2,500 டெகாநியூட்டன் (ஒரு டெகாநியூட்டன் சுமார் ஒரு கிலோ எடையின் விசை) என்பது அறாமல் தாங்கும் அளவு. கையால் இறுக்கும்போது கிடைப்பது எஸ்.டி.எஃப். என்று போட்டிருக்கும் சுமார் 350 மட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து, நேர் செங்குத்தாக இறங்கினால், கிட்டத்தட்ட 700 கிலோ அழுத்தம். அந்த 5 டன்னைப் பெல்ட் அழுத்தத்தால் மட்டும் பிடிக்க 24 பெல்ட் வேண்டும்! அடியில் ரப்பர் உராய்வுப் பாய் போட்டால் கெழு 0.6 ஆகும், 5 பெல்ட் போதும். சரக்கின் மூலையில் பெல்ட் உரசி வளைவதால் போகும் இழுவிசையை இதில் சேர்க்கவில்லை, ஆகவே கூடுதலாகவே போடுங்கள். சரக்கு தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் இருந்து பெல்ட் 30 டிகிரியில் சரிந்து இறங்கினால் அழுத்தம் பாதிதான்.

பாய் முழுதாக விரிய வேண்டியதில்லை. ஆனால் சரக்குக்கு அடியில் வைக்கும் ஒவ்வொரு மரக்கட்டையின் மேலும் கீழும் துண்டு இருக்க வேண்டும். கீழே மட்டும் வைத்தால் இரும்பு கட்டையின் மேல் வழுக்கும்.

நெடுந்தூர ஓட்டுநர், சாட்ஸ்வொர்த்

அண்ணன் கணக்கு சரி. அதைவிடப் பலமானது மறிப்பு, அதாவது தளத்தின் முன்முனையில் நிற்கும் முன்பலகையோடு சரக்கை ஒட்டி வைப்பது. ஆனால் இன்டர்லிங்க்கில் (ஒரே இழுவண்டி இழுக்கும் இரட்டை டிரெய்லர்) அது எப்போதும் முடியாது. மொத்த எடை 56 டன்னுக்குள் இருந்தாலும் எடைமேடையில் அச்சுவாரியாகப் பார்ப்பார்கள்: இரட்டை அச்சுக்கு 18 டன், மூவச்சுக்கு 24. சரக்கை முன்னே ஒட்டினால் இழுவண்டியின் பின்னச்சு மீறிவிடும். அப்போது இடைவெளியைக் கட்டையடித்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் சரக்கின் முன்முகத்தைச் சுற்றிச் சங்கிலியை எடுத்து, இரு பக்கமும் பின்னோக்கிச் சாய்த்து இழுத்துக் கட்டுங்கள். 8 மி.மீ. கிரேடு 80 சங்கிலி 4,000 டெகாநியூட்டன் தாங்கும். சங்கிலியை இறுக்க நெம்புகோல் பைண்டரைவிடத் திருகு வகை நல்லது. நெம்புகோல் திருப்பி அடித்தால் தாடை போகும்.

தளத்தின் ஓரத்தில் இருக்கும் கயிற்றுக் கொக்கியில் சங்கிலி மாட்டவே கூடாது. அது தார்ப்பாய்க்கு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய டவுன் ஹில் ஏற்றம் ஏறி முடிந்ததும் ஒரு முறை, அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறுக்கிப் பாருங்கள். பெல்ட் தளர்வதைவிட அடிக்கட்டை நசுங்குவதுதான் அதிகம். முதல் 50 கிலோமீட்டரிலேயே அது நடந்துவிடும்.

குழாய் ஏற்றுமதி, பைன்டவுன்

குழாய்க்கு மேலே சொன்ன கணக்கு போதாது தம்பி. மேலே போகும் பெல்ட் வெளிச்சுற்றில் உள்ளதைத்தான் அழுத்தும். நடுவில் இருக்கும் குழாய் எந்தப் பிடியும் இல்லாமல் கிடக்கும். பிரேக் போட்டால் அது மட்டும் ஈட்டி போல் முன்னே வரும். பெல்ட்டைக் குழாய்க் கட்டின் அடிவயிற்றோடு சேர்த்து முழுச்சுற்றாக வளைத்து இறுக்குங்கள். முன்பலகையின் உயரத்தைத் தாண்டி அடுக்காதீர்கள்.

தார்ப்பாய் வேலை, ஃபீனிக்ஸ்

தார்ப்பாய் சரக்கைப் பிடிக்காது. மழையை மட்டுமே தடுக்கும். அதனால் கட்டு முழுதாக முடிந்த பிறகே போர்த்துங்கள்.

இரண்டு பாய் என்றால் பின்பாயை முதலில் விரித்து, முன்பாய் அதன்மேல் அரை மீட்டராவது ஏறும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் என்-3 மலையேறும் வான் ரீனன் கணவாயில் காற்று வாயைத் திறந்து பாயைக் கிழித்துவிடும். முன்மூலை மடிப்பின் திறப்பும் பின்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். கூரான விளிம்புகளில் மூலைக் காப்பு வையுங்கள், பழைய பெல்ட் துண்டும் உதவும். காற்று வீசும்போது சரக்கின்மேல் ஏறி நின்று பாயை உதறாதீர்கள். கீழே நின்று இருவர் கயிறு பிடித்து இழுப்பதே பாதுகாப்பு.

தகட்டுச் சுருள் ஏற்றுபவர்கள் கவனியுங்கள். உள்நாட்டு மேட்டுநிலத்து இரும்பாலை ஊரான வாண்டர்பைல்பார்க்கிலிருந்து குளிர்கால இரவில் இறங்கிவரும் இரும்பு ஜில்லென்று இருக்கும். டர்பன் கடற்காற்று பட்ட உடனே வியர்க்கும். துத்தநாகப் பூச்சுத் தகட்டில் அந்த ஈரம் அடுக்குகளுக்கு நடுவே நின்று வெள்ளைப்பூத்துவிடும். வந்ததும் பாயை அவிழ்க்காமல், கூரைக்குக் கீழே நிறுத்தி இரும்பு சூடேறும்வரை விடுங்கள். கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும். அடிக்கட்டையும் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரம் வைத்து மூடினால் பாய்க்குள்ளேயே ஈரம் உண்டாகும், அதற்கு மழை வேண்டாம்.